மூஞ்சிக்கடை ஜன்னல்

அந்தத் தெருவில் ஒருவன் கை ஓங்குவதற்கு முன்னால் சுற்றுமுற்றும் பார்த்துக்கொள்வான். போலீஸ் வருகிறதா என்று இல்லை, ஓவியர் பார்க்கிறாரா என்று. அவர் கண்ணில் பட்டுவிட்டால் தொலைந்தான். கொஞ்ச நாளிலேயே அவன் மூஞ்சி, கடித்த பல்லும் புடைத்த நரம்புமாக, கேலரியின் பெரிய ஜன்னலில் தொங்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நின்று பார்த்துவிட்டுப் போகும். மாமியார் பார்ப்பாள், முதலாளி பார்ப்பான், பெண் கொடுக்கலாமா என்று யோசிக்கிறவர்கள் வேலை மெனக்கெட்டு வந்து பார்ப்பார்கள்.

பெயர்ப்பலகையில் என்னமோ 'குடும்ப ஓவியக் கேலரி' என்று அழகாகத்தான் எழுதியிருந்தது. ஆனால் ஊர் சும்மா இருக்குமா? எல்லோருக்கும் அது மூஞ்சிக்கடை. அதற்கு முன்னால் அது இறைச்சிக்கடையாக இருந்த இடம். கூரையில் நீளமாக ஓர் இரும்புக் கம்பி, அதில் வரிசையாகக் கொக்கிகள். அதைக் கழற்றினால் கூரை பெயர்ந்துவிடும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். படங்கள் எல்லாம் அந்தக் கொக்கிகளில்தான் தொங்கின. தரையை எவ்வளவு தேய்த்தும், மழைக்காலத்தில் லேசாக ரத்த வாடை வரும்.

படங்களுக்குச் சட்டம் அடிக்கிறவள் ஓவியரின் மகள். முப்பதைத் தாண்டினவள், வெட்டு ஒன்று துண்டு ரெண்டு என்று பேசுகிறவள். ஜன்னல் படங்களை நம்பி மூஞ்சிக்கடை சாப்பிடவில்லை. ஆற்றுப்பாலம், பழத்தட்டு, மழையில் நனைந்த தெரு, இதெல்லாம்தான் விற்கும். அவற்றில் பாதிக்கு மேல் மகள் வரைந்தவை. முகம் மட்டும் அவள் வரையக் கூடாது. "முகம் என் கணக்கு, நீ பழத்தைப் பாரு" என்பார் அப்பா. அவளும் அதை வம்பு பண்ணாமல் ஏற்றுக்கொண்டிருந்தாள்.

ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. அவள் புருஷன் மூஞ்சியே ஒரு காலத்தில் அந்த ஜன்னலில் தொங்கியிருக்கிறது. கல்யாணமான புதிதில் அவன் அவளை அடிப்பான். சமையலறைக் கதவை மூடிவிட்டு, சத்தம் வெளியே போகாமல் அடிப்பான். அவள் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. ஒருநாள் அப்பா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றபோது அவன் ஓங்கிய கை ஓங்கியபடியே இருந்தது.  அப்பா அவனை நன்றாகப் பார்த்தார். மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஜன்னலில் படம் ஏறிய பிறகு அவன் என்னென்னவோ குதித்துப் பார்த்தான், ஆள் வைத்துப் பேசினான், கடைசியில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, படத்துக்கு முன்னால் நின்று, அந்தக் கடையின் சட்டப்படி சொல்ல வேண்டியதைச் சொன்னான்.

"இது நான்தான்."

அதுதான் மூஞ்சிக்கடையின் ஒரே சட்டம். மன்னிப்பு வேண்டாம், அபராதம் வேண்டாம். படத்தில் இருக்கிறவனே நடைபாதையில் வந்து நின்று, தெரு கேட்க, இது நான்தான் என்று சொல்ல வேண்டும். சொன்னால் படத்தை இறக்கி அவன் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். சொல்லாதவரை இறங்காது. வேறு யார் வந்து கெஞ்சினாலும் இறங்காது. புருஷன் அதைச் சொன்ன அன்றைக்குத்தான் மகள் பல மாதங்களுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள். அந்தச் சட்டத்தை அவள் கும்பிடாத குறை.

அப்பாவுக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்றால், அதற்கு அவர் பிறந்த நாட்டுக்குப் போக வேண்டும். அங்கே சண்டை நடந்துகொண்டிருந்தது. அப்போது இளைஞராக இருந்த அவரை ஒருநாள் வீட்டிலிருந்து இழுத்துப்போனார்கள். தலையில் சாக்கை மாட்டி, கையைப் பின்னால் கட்டி, வாரக்கணக்கில் அடித்தார்கள். விலா எலும்பு போச்சு, பல் போச்சு, ஒரு காது போச்சு. அதையெல்லாம் அவர் பெரிதாகச் சொல்ல மாட்டார். சாக்கைத்தான் சொல்வார்.

"வெளிய விட்டப்புறம் தெருவுல நடக்கிறேன். எதிர்ல வர்ற ஒவ்வொருத்தனையும் பார்க்கிறேன். இவனா இருக்குமோ, அவனா இருக்குமோ. ரொட்டி குடுக்கிறவன் கையைப் பார்க்கிறேன், இந்தக் கையா இருக்குமோ. அப்புறம் அந்த ஊர்ல எப்படி இருக்கிறது?"

மீன் ஏற்றுகிற லாரியில், தார்ப்பாய்க்கு அடியில் படுத்துக்கொண்டு எல்லை தாண்டினார். வந்த இடத்தில் சுவருக்குச் சாயம் அடிக்கிற வேலை. மேஸ்திரி ஒரு முன்கோபி. ஏதோ ஓர் அறையில் வண்ணம் மாறிப்போனதற்கு, ரோலர் கம்பை எடுத்து இவர் முதுகில் விளாசிவிட்டான். மற்றவர்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்கள். இவர் குனியவில்லை. அடி விழ விழ நிமிர்ந்து மேஸ்திரியின் முகத்தையே பார்த்தார். சாக்கு இல்லாமல் வாங்கின முதல் அடி அது. அப்போது தனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அன்றைக்குச் சாயங்காலம் மிச்ச பெயின்ட்டை எடுத்து, ஒரு பிளைவுட் பலகையில் மேஸ்திரியின் மூஞ்சியை வரைந்தார். சின்ன வயதில் கடைகளுக்குப் படம் போட்டுப் பழகின கை. வாடகை அறையின் ஜன்னலில் தெருவைப் பார்த்து வைத்தார். மேஸ்திரி வந்து ஜன்னலை உடைத்தான். இவர் மறுபடியும் வரைந்தார். இரண்டாவது படம் முதல் படத்தை விடத் தத்ரூபமாக இருந்தது, ஏனென்றால் உடைக்கும்போது அவன் முகம் இன்னும் நன்றாகத் தெரிந்ததாம். கடைசியில் தெருவே கூடிச் சிரிக்க, அவன் வெட்கம் தாங்காமல், "சரிய்யா, நான்தான், இது நான்தான், எடுத்துத் தொலை" என்றான். இவர் எடுத்து அவன் கையிலேயே கொடுத்தார். அவன் அதைக் கிழித்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. வீட்டில் மாட்டிவைத்திருந்தான் என்று பிற்பாடு கேள்விப்பட்டார்கள்.

இப்படி ஆரம்பித்ததுதான். படம் ஏறினவன் வந்து அவரை அடிப்பான், அவர் அந்த மூஞ்சியையும் வரைவார், அடி இல்லாமல் படம் இல்லை. அம்மா, அவர் இந்த ஊருக்கு வந்த பிறகு வாய்த்தவள். அலுவலகங்களைப் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தவள். "இந்த மனுஷன் அடி வாங்குறதையே பொழைப்பா வச்சிருக்காரு, நான் பஞ்சு வாங்கி மாளல" என்று கரித்துக்கொட்டுவாள். ஆனால் கேலரி நடந்தது அவள் சாமர்த்தியத்தில். முகம் பார்க்க வந்தவனைப் பாலம் வாங்காமல் திருப்பி அனுப்ப மாட்டாள்.

இந்தக் குடும்பத்துக்கு வெளியே நெருக்கமான ஓர் ஆள் உண்டு என்றால் அது கண்ணாடிக்காரர்தான். மூஞ்சி தொங்குகிற ஜன்னலுக்குக் கல் விழாமல் இருக்குமா? விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் எதிர்ச்சந்திலிருந்து டேப்பும் வைரமுனைக் கட்டருமாக அவர் வந்து நிற்பார். "உன் புண்ணியத்துலதான்யா என் அடுப்பு எரியுது" என்பார். பெரிய கண்ணாடியைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்குவார். அவர் விரல்கள் முழுக்க வெள்ளைக் கோடாகப் பழைய வெட்டுகள். வேலை முடிந்ததும் அவரும் அப்பாவும் உட்கார்ந்து வாய்க்கு வந்தபடி திட்டிக்கொள்வார்கள். திட்டாவிட்டால் ரெண்டு பேருக்கும் தூக்கம் வராது.

பட்டறை முதலாளி விவகாரம் வந்தபோதுதான் எல்லாம் கெட்டது. தெருக்கோடியில் வண்டி பழுது பார்க்கிற பட்டறை வைத்திருந்தவன் அவன். தன் தொழிலாளி ஒருவனை நடுத்தெருவில் போட்டு ஸ்பானரால் அடித்தான். தாடை கழன்று தொங்கியது அந்த ஆளுக்கு. அப்பா எதிர்ப்பக்கம் நின்று முழுக்கப் பார்த்தார். படம் ஜன்னலில் ஏறியது. அடிபட்ட தொழிலாளிக்கு அன்றிலிருந்து ஸ்பானர் என்றே பெயர் விழுந்துவிட்டது. இரக்கம் கெட்ட தெரு, என்ன சொல்ல. அந்த ஸ்பானர் தினமும் வந்து ஜன்னலுக்கு முன்னால் நின்று, அப்பாவைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவான்.

முதலாளி வரவில்லை. கல்தான் வந்தது. கண்ணாடிக்காரர் புதிதாகப் போட்ட கண்ணாடியும் விரிசல் விட்டது. அப்பா கோபத்தில் பழியை அவர்மேல் போட்டார். கண்ணாடியைப் பிடிக்கிற பட்டியைச் சரியாக வைக்கவில்லை, மட்டமான கண்ணாடி, ஏமாற்று வேலை என்று தெருவில் நின்று கத்தினார். கண்ணாடிக்காரருக்கு வேலையைக் குறை சொன்னால் பொறுக்காது.

"கல்லால அடிச்சா எந்தக் கண்ணாடியும் உடையும்யா. உன் மண்டையை ஒருநாள் உடைச்சாத்தான் உனக்குப் புத்தி வரும்."

தெருவே கேட்டது. மகளும் கேட்டாள். அவர் வாய் அப்படித்தான் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டது கேட்டதுதானே.

சில நாள் கழித்து, மத்தியானம், கடைகள் எல்லாம் பாதி சாத்திக் கிடந்த நேரம். அம்மாவும் மகளும் மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா கீழே ஏணியில் ஏறி ஒரு படத்தைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தார். முதலில் ஏணி விழுகிற சத்தம். அதற்குப் பிறகு கண்ணாடி. அதற்குப் பிறகு ஒரு மெத்தென்ற சத்தம், திரும்பத் திரும்ப, நனைந்த துணியைக் கல்லில் அடிக்கிற மாதிரி. மகளுக்குச் சோறு கையிலேயே நின்றுவிட்டது.

அம்மா முன்னால் ஓடினாள். அவள் பார்த்தது ஒரு முதுகு. கண்ணாடிக்காரர் ரெண்டு கையும் ரத்தமாக வாசலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார். மகள் பார்த்தது தரையை. அப்பா மல்லாக்கக் கிடந்தார். தலைக்குப் பின்னால் ரத்தம் கெட்டியாகப் பரவிக்கொண்டிருந்தது. நெற்றி கிழிந்து ஒரு கண்ணே தெரியவில்லை. கால் தனியாக உதறிக்கொண்டது. சுற்றிலும் பாலங்களும் பழத்தட்டுகளும் மிதிபட்டுக் கிடந்தன. மகள் தன் மேல்துணியைச் சுருட்டித் தலையில் அழுத்திப் பிடித்தாள். அது நனைந்து அவள் முழங்கை வரை ஓடியது. அப்பா செத்துப்போய்விட்டார் என்றுதான் நினைத்தாள்.

கண்ணாடிக்காரர் ஒரு வேனைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார். மூச்சு வாங்கியது. "சத்தம் கேட்டு வந்தேன், ரெண்டு மூணு பேரு, ஹெல்மெட் போட்டிருந்தானுங்க, பின்பக்கமா ஓடிட்டானுங்க, தூக்குங்க முதல்ல" என்றார். அவர் தூக்க வந்தபோது அம்மா அவர் கையைத் தட்டிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அப்பா கேட்டது பென்சில். தையல் போட்ட தலையோடு, எக்ஸ்ரே உறையின் பின்பக்கத்தில் வரைய ஆரம்பித்தார். மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கு வந்தது, காது வந்தது. 

"அப்பா, இது நம்ம கண்ணாடிக்காரரு."

"அவன்தான்."

"நல்லா பார்த்தீங்களா?"

"என்னையா கேக்கிற? இந்த மூஞ்சி ஒண்ணுதான் பார்த்தேன். இதுதான்."

அதற்கு மேல் யார் கேட்பது? அப்பாவுக்கு முகம் தப்பினதே இல்லை. அம்மா முதுகைப் பார்த்திருக்கிறாள், ரத்தக் கையைப் பார்த்திருக்கிறாள். மண்டையை உடைப்பேன் என்று தெருவே கேட்டிருக்கிறது. வேன் கூட்டி வந்தாரே என்றால், "அடிச்சுட்டுப் பயம் வந்திருக்கும்" என்றாள் அம்மா. ஹெல்மெட்காரர்களைக் கண்ணாடிக்காரரைத் தவிர யாரும் பார்க்கவில்லை. போலீஸ் எழுதிக்கொண்டு போனது, போனது போனதுதான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அந்த முகத்தைக் கேன்வாஸில் ஏற்றினார். அவர் வரைந்ததிலேயே பெரிய படம். மகள்தான் சட்டம் அடித்தாள். படத்தின் ஒரு பக்கம் முழுக்க மெல்லிசாகச் சிவப்பு படர்ந்திருந்தது, முகத்தின் பாதி அதற்குள் அமுங்கியிருந்தது. கோபத்தில் பூசியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். ஆணியை ஓங்கி ஓங்கி அடித்தாள். அவளுக்கும் ஆத்திரம். கூடவே உட்கார்ந்து தின்றவன் இப்படிச் செய்தானே என்று.

கண்ணாடிக்காரர் ஒரே ஒரு தடவைதான் வந்தார். நடைபாதையில் நின்று தன் முகத்தைப் பார்த்தார். தெரு பின்னால் கூடியது.

"மூஞ்சி என்னுதுதான்யா. இல்லைன்னு சொல்லல. ஆனா 'இது நான்தான்'னு நீ கேக்கிற அர்த்தத்துல நான் சொல்ல மாட்டேன். நான் உன் தலையைத் தூக்கிப் பிடிச்சேன்யா. மூச்சு அடைக்கக் கூடாதுன்னு தூக்கிப் பிடிச்சேன்."

"எல்லாரும் முதல்ல இப்படித்தான் சொல்வாங்க" என்றார் அப்பா.

கண்ணாடிக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். அதோடு அவரிடம் கண்ணாடி வாங்க ஆள் இல்லை. அவர் மனைவி தெருக்குழாயில் நின்றால் மற்றவர்கள் நகர்ந்துகொண்டார்கள். கேலரியின் ஜன்னலுக்கு வேறோர் ஊரிலிருந்து ஆள் வந்து கண்ணாடி போட்டான். அது ஆடிக்கொண்டே இருந்தது.

பிறகு ஒரு காலையில் ஸ்பானர் கடைக்குள் வந்தான். முகம் பூரித்துப்போயிருந்தது. சட்டையில் சின்னச் சின்னக் கண்ணாடித் தூள். அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். கழன்று கூடின தாடை என்பதால் அவன் பேச்சு கொஞ்சம் இழுக்கும்.

"ஐயா, உங்க கடனைத் தீர்த்துட்டேன். நானும் ரெண்டு பசங்களும் நேத்து அந்தக் கண்ணாடிக்காரன் கடைக்குப் போனோம். அவன் கையைப் பலகையில வச்சு, மேல கண்ணாடி அடுக்கைச் சாய்ச்சுட்டோம். வலது கை. இனி அந்தக் கை எதையும் தூக்காது."

மகள் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தாள். அப்பா என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தாள். அவர் தூரிகையைத் துடைத்துக்கொண்டே, "நான் சொல்லலையே" என்றார். சற்றுப் பொறுத்து, "சரி, போ" என்றார். ஸ்பானர் சிரித்துக்கொண்டே போனான். அப்பாவின் வாயோரத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. மகள் அதைப் பார்த்துவிட்டாள். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று பட்டது அவளுக்கு.

கண்ணாடிக்காரர் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறக்கவில்லை. உள்ளே ஒரு ஆண்பிள்ளை வாய்விட்டு அழுகிற சத்தம் கேட்டது. எலும்பு மூன்று நான்கு துண்டாகிவிட்டதாம், நரம்பு அறுந்துவிட்டதாம், பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். சொல்லும்போது இவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

திரும்பி வந்து ஜன்னலுக்கு முன்னால் நின்றாள். அந்த முகத்தை முதல் தடவையாக, கோபம் இல்லாமல் பார்த்தாள். கண்கள் அகலமாகத் திறந்திருந்தன. பல்லைக் கடிக்கவில்லை. வாய் ஏதோ சொல்லப்போகிற மாதிரிக் கோணியிருந்தது. முகம் ரொம்பக் கிட்டத்தில், மேலேயிருந்து குனிந்து இருந்தது. பக்கத்தில் பட்டறை முதலாளி தொங்கினான். அவன் கண்ணைச் சுருக்கி, உதட்டை மடித்து, குறி பார்த்துக்கொண்டிருந்தான். அடிக்கிறவன் முகம் அது. தன் புருஷன் முகமும் அப்படித்தான் இருந்தது என்று அவளுக்கு நினைவு வந்தது. பிறகு அந்தச் சிவப்பைப் பார்த்தாள். 

உள்ளே போனாள். அப்பா புதிய கேன்வாஸுக்காக மரச்சட்டங்களை அளந்துகொண்டிருந்தார். அம்மா மேஜையில் இருந்தாள்.

"அப்பா, அந்தப் படத்துல ஒரு பக்கம் ஏன் சிவப்பா இருக்கு?"

"அப்படித்தான் தெரிஞ்சுது. ரத்தம் கண்ணுல இறங்கிடுச்சு. நான் பார்த்ததைத்தானே வரைவேன்."

"அப்போ அடி விழுந்தப்புறம் பார்த்த மூஞ்சி இது. அடிக்கறதுக்கு முன்னாடி பார்த்தது இல்ல."

அப்பா நிமிர்ந்தார்.

"அடிச்சவன் அடிச்சுட்டு ஓடுவானா, இல்ல உங்க பக்கத்துல மண்டி போட்டு, இவ்வளவு கிட்டத்துல குனிஞ்சு மூஞ்சியைப் பார்த்துட்டு இருப்பானா? மத்த எல்லாப் படத்துலயும் கை ஓங்கி இருக்கு. இதுல கை எங்க? உங்க தலைக்கு அடியில இருக்குப்பா. அந்த ஹெல்மெட்காரனுங்க பின்னாடி இருந்து அடிச்சிருக்காங்க. நீங்க யாரையும் பார்க்கல. ஒரு முகத்தையும் பார்க்கல."

"வாயை மூடு."

"பார்க்கலைன்னு சொல்ல முடியல உங்களால. சாக்கு மாட்டி அடிச்ச மாதிரியே திரும்பவும் ஆயிடுச்சேன்னு தாங்க முடியல. அதுக்காகக் கிடைச்ச மூஞ்சியைப் பிடிச்சுக்கிட்டீங்க. பாவி மனுஷன், காப்பாத்த வந்தவரு, அவரு கையே போயிடுச்சு."

அப்பா கையில் இருந்த மரச்சட்டம் எப்போது எழும்பியது என்று அவளுக்குத் தெரியாது. முதல் அடி தோளில். இரண்டாவது முகத்தில். உதடு பல்லில் மாட்டிக் கிழிந்தது. அவள் மேஜையோரம் விழுந்தாள், தலை மரத்தில் இடித்தது. மூன்றாவது அடிக்கு ஓங்கிய கையை அம்மா இரண்டு கையாலும் தொங்கிப் பிடித்தாள். அப்பாவின் வாயிலிருந்து என்னென்னவோ வந்தது, அவர் பிறந்த நாட்டில் சாக்குக்குள் கேட்ட வசவுகள். மகள் குனியவில்லை. அவருக்குப் பிறந்தவள்தானே. நிமிர்ந்து அவர் முகத்தையே பார்த்தாள். கடைசி நரம்பு வரைக்கும் பார்த்தாள்.

அப்பாவுக்கு அந்தப் பார்வை புரிந்துவிட்டது. சட்டம் கையிலிருந்து விழுந்தது. மாடிக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் மகள் வீங்கின உதட்டோடு கேன்வாஸ் முன்னால் உட்கார்ந்தாள். அம்மா பஞ்சை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"வேணாம்டீ. பெத்த அப்பா."

"என் புருஷனும் கட்டின புருஷன்தாம்மா."

அம்மா பஞ்சைக் கீழே வைத்தாள். பிறகு, "இடது புருவம் கொஞ்சம் மேல ஏறும், கோபம் வந்தா" என்றாள். 

பழம் வரைகிற கைதான். ஆனால் அந்த முகம் வந்துவிட்டது. ஒரு கண் அடிபட்டுச் சுருங்கியிருந்தது, தலையில் தையல் வரிசை, உதடு மடிந்து, புருவம் ஏறி, கை ஓங்கி. மகள் அதை எடுத்துப்போய்க் கண்ணாடிக்காரர் படத்துக்குப் பக்கத்துக் கொக்கியில் மாட்டினாள்.

தெரு கூடிவிட்டது.  கூட்டத்தில் நின்ற ஸ்பானர் வாயைப் பிளந்தான். அப்பா இறங்கி வந்தார். கையில் கேன்வாஸ் அறுக்கிற கத்தி இருந்தது. அம்மா ஜன்னலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"கிழிக்கிறதுன்னா என்னை முதல்ல கிழிங்க. நானும்தான் பார்த்தேன், ரெண்டு அடியையும்."

அப்பா கத்தியை மேஜையில் வைத்துவிட்டு நடைபாதைக்குப் போய் நின்றார். தன் முகத்தைப் பார்த்தார். எத்தனையோ பேர் வந்து நின்ற அதே இடம். வெயில் அவர் தலைத் தையலில் அடித்தது. அவருக்கு வியர்த்துக் கொட்டியது. மகளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமும் அடங்கவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு கல்லாக நின்றாள்.

"இது நான்தான்" என்றார் அப்பா.

"சரியாக் கேக்கல" என்றாள் மகள்.

"இது நான்தான்."

மகள் படத்தை இறக்கி அவரிடம் நீட்டினாள். "உங்க படத்தை வாங்கிட்டீங்க. பக்கத்துப் படத்தை யாரு வந்து இறக்குறது? அவரு சொல்ல மாட்டாரு. சாகிற வரைக்கும் சொல்ல மாட்டாரு."

அப்பா தன் படத்தை வாங்கிக்கொண்டார். உள்ளே போனார். கண்ணாடிக்காரரின் படத்தைத் தானே கொக்கியிலிருந்து கழற்றினார். அதைத் திருப்பி, முகம் தன் மார்பைப் பார்க்கும்படி ஒரு கையில் அணைத்துக்கொண்டார். தன் படத்தை மறு கையில், தெருவைப் பார்த்துப் பிடித்துக்கொண்டார். சந்துக்குள் நடந்தார். மகள் பின்னாலேயே போனாள். வாசலில் நின்றவர்கள் எல்லாம் அந்தப் படத்தையும் அதைத் தூக்கிக்கொண்டு போகிற மூஞ்சியையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

கண்ணாடிக்காரர் கடையின் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வலது கை தோள்வரைக்கும் கட்டு. கட்டிலிருந்து தெரிந்த விரல் நுனிகள் கருநீலமாக இருந்தன. பின்னால் கண்ணாடிகள் எல்லாம் உடைந்து குவிந்து கிடந்தன, யாரும் பெருக்கவில்லை. அவர் மனைவி வாசலை மறித்தாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

அப்பா தன் படத்தை அவர் காலடியில் வைத்தார்.

"இது நான்தான்யா. நான் யாரையும் பார்க்கல. உன் மூஞ்சியை மட்டும்தான் பார்த்தேன்."

கண்ணாடிக்காரர் மெதுவாக எழுந்தார். படத்தைப் பார்க்கவே இல்லை. இடது கையால் அப்பாவின் முகத்தில் ஓங்கிக் குத்தினார். பழகாத கை, கோணலாக விழுந்தது. மூக்கிலிருந்து ரத்தம் குபுக்கென்று வந்தது. மறுபடியும் குத்தினார். தையல் ஒன்று விட்டுப்போனது. அப்பா கையை உயர்த்தவில்லை, பின்வாங்கவும் இல்லை. மகள் தடுக்கப் போகவில்லை. மூன்றாவது குத்தில் அப்பா உடைந்த கண்ணாடி மேல் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடிக்காரர் அவருக்கு எதிரில் அப்படியே சரிந்து உட்கார்ந்து, உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்த முகம் மகளுக்கு மிகக் கிட்டத்தில் இருந்தது.

யார் யாரைத் தூக்கிவிட்டார்கள் என்பதெல்லாம் பெரிய விஷயம் இல்லை. அப்பா வீட்டுக்கு வந்தார். அம்மா திட்டாமல் பஞ்சு வைத்தாள். கேலரியில் ஜன்னலின் இரண்டு கொக்கிகள் காலியாக இருந்தன. சாயங்கால வெயில் ஆடுகிற கண்ணாடி வழியாக உள்ளே விழுந்தது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அப்பா அடி வாங்கிக்கொண்டு வந்தால், மகள் கேட்காமலேயே சட்டத்துக்கு மரம் எடுத்துவைப்பாள். அன்றைக்கும் நான்கு கட்டைகளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவற்றில் ஒன்று நேற்று அவளை அடித்தது. அவள் அளவு டேப்பை நீட்டிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"எவ்வளவு பெரிசு வேணும்?"

அப்பா வீங்கின கண்ணால் அந்த மரங்களைப் பார்த்தார்.

"எதுக்கும்மா?"

"இன்னைக்கு உங்களை அடிச்சாரே. நல்லா நேருக்கு நேரா, பட்டப்பகல்ல."

அப்பா மூக்கில் இருந்த பஞ்சை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார்.

"மூஞ்சி ஞாபகம் இல்லம்மா" என்றார்.

மகள் கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தாள்.